கடலூர்–புதுச்சேரிக்குத் தாவர வரைபடம்: செயற்கைக்கோள் படம் மட்டும் போதுமா?

ஜனவரி 12, 2025. பண்ருட்டி வாசகர் ஒருவரின் கேள்வி

பத்து மீட்டர் துல்லியத்தில் செயற்கைக்கோள் படம் இப்போது இலவசம். உலகம் முழுவதையும் வகை பிரித்த வரைபடமும் இலவசம். கடலூர், புதுச்சேரி, விழுப்புரம் கரையோரத்துக்கு வாழிடப் பாதுகாப்புத் திட்டம் போட அதை இறக்கி, மாவட்ட எல்லைக்கு வெட்டிக்கொண்டாலே போதும் என்பது என் கருத்து. ஊர் ஊராக நடந்து மரத்தின் பெயர் எழுதும் செலவில் ஆயிரக்கணக்கில் கன்று நடலாம். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

ஜனவரி 12, இரவு. என் பதில்

போதாது.

நீங்கள் சொல்லும் உலக வரைபடத்தில் மொத்தம் 11 வகை: மரப்பரப்பு, புதர், புல்வெளி, பயிர்நிலம், கட்டடம், வெறுந்தரை, பனி, நீர், சதுப்பு, அலையாத்தி, பாசி. பண்ருட்டி முந்திரிக் கொல்லை, கடலோரச் சவுக்கு, தைலமரத் தோட்டம், வேலிகாத்தான் (சீமைக்கருவேலம்) மூடிய ஏரி உள்வாய், அய்யனார் கோயில் காடு எல்லாமே அதில் ஒரே மரப்பரப்புதான். உலகத்துக்காகச் செய்தது அது. அந்த வேலைக்கு நல்ல வரைபடம். நமக்கு வேண்டியது, எந்தத் துண்டை இழந்தால் திரும்பக் கிடைக்காது என்று சொல்லும் வரைபடம். சவுக்கை வெட்டினால் நாலு வருஷத்தில் மறுபடி சவுக்கு நிற்கும். கோயில்காட்டை வெட்டினால் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அது வராது. இரண்டுக்கும் ஒரே நிறம் பூசிய தாளை வைத்துக்கொண்டு என்ன திட்டம் போடுவது?

ஜனவரி 15

எந்தக் காட்டைச் சொல்கிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். புத்தகத்தில் அதன் பெயர் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. வனவியல் அறிஞர்கள் சாம்பியனும் சேத்தும் 1968ல் இந்தியக் காடுகளை வகைப்படுத்தியபோது இதற்குத் தனி இடம் கொடுத்தார்கள். சோழமண்டலக் கரையை ஒட்டிய குறுகலான பட்டையில் வளரும் காடு. மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். தை தாண்டினால் மாதக்கணக்கில் காய்ச்சல்தான். அப்படியும் இலையை உதிர்க்காது. மரங்கள் பெரும்பாலும் பத்து மீட்டர் உயரத்துக்குள் நிற்கும். காசான், வீரை, உலக்கைப்பாலை, இரும்புளி, காட்டு எலுமிச்சை, நாவல், அவற்றின் மேல் ஏறிப் பின்னிக்கொண்ட கொடிகள்.

நம் பக்கத்தில் இது பெரும்பாலும் சாமி பெயரால் பிழைத்திருக்கிறது. புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு அய்யனார் காட்டைப் பார்த்திருப்பீர்கள். கடலூர் மாவட்டத்தில் திருமாணிக்குழியிலும் குழந்தைகுப்பத்திலும் உள்ள காடுகளைத் தாவரவியல்காரர்கள் 1990களிலேயே மரம் மரமாக அளந்து எழுதியிருக்கிறார்கள். அந்த மாதிரி அளந்த இடங்கள் சில. யாரும் அளக்காத, ஊர்க்காரர்களுக்கு மட்டும் தெரிந்த துண்டுகள் அதைவிட அதிகம். என் கவலை முழுக்க அந்தத் துண்டுகளைப் பற்றித்தான்.

சித்திரை வெயிலில் கொல்லைவெளியைக் கடந்து இந்த மாதிரிக் காட்டுக்குள் நுழைந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தரையில் வெயில் விழாது. சருகு காலடியில் மெத்தென்று அழுந்தும். மரநாய் எச்சத்தில் விதைகள் கிடக்கும். குளிர்காலத்தில் போனால், வலசை வந்த ஆறுமணிக்குருவி அந்தச் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும். சவுக்குத் தோப்பின் அடியில் இந்தக் காட்சி எதையும் நான் பார்த்ததில்லை.

ஜனவரி 19

பரப்புக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சண்டை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

1:50,000 அளவில் வரையும்போது, 3 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரத்தைவிடச் சின்னதைக் கையால் வரைய முடியாது. தரையில் அது 150 மீட்டர் பக்கம், அதாவது 2.25 ஹெக்டேர், ஏறக்குறைய ஐந்தரை ஏக்கர். நம்மூர்க் கணக்கில் நாலு காணிக்கு மேல். அதைவிடச் சின்னது எதுவானாலும் பக்கத்து நிலத்தோடு கரைந்துவிடும். சுற்றிலும் கரும்பு என்றால் காடும் கரும்பாகிவிடும். நான் பார்த்திருக்கும் கோயில்காடுகளில் பல, நாலு காணிக்கும் குறைவானவை.

பிக்சலாக, அதாவது செயற்கைக்கோள் படத்தின் ஒவ்வொரு சின்னக் கட்டமாக எடுத்தாலும் பார்க்கலாம். லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளின் பிக்சல் 30 மீட்டர். ஒரு ஹெக்டேருக்குப் பதினோரு பிக்சல். காடு நீள்சதுரமாகவா இருக்கும்? ஓரத்துப் பிக்சல்கள் எல்லாம் பாதி மரம், பாதி வயல் என்று கலந்துபோகும். சுத்தமான காட்டுப் பிக்சல் நாலைந்து மிஞ்சினால் பெரிய விஷயம். சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் பிக்சல் 10 மீட்டர். ஒரு ஹெக்டேருக்கு நூறு பிக்சல். அங்கேதான் உங்கள் வாதத்தில் உண்மை இருக்கிறது. 2015க்கு முன்னால் இந்த வசதி நமக்கு இலவசமாகக் கிடையாது. இப்போது அரை ஏக்கர் துண்டுகூடக் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் தெரிவது, அங்கே மரம் நிற்கிறது என்பது மட்டும்.

பிப்ரவரி 2

வன அளவை நிறுவனத்தின் அறிக்கையை ஒருவர் எடுத்துக் காட்டியிருக்கிறார். அதைக் குறை சொல்வதற்கு முன்னால் அது எதை அளக்கிறது என்று படிக்க வேண்டும். 1987 முதல் வரும் அறிக்கை. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலம், மர விதானம் (மேலிருந்து பார்த்தால் கிளையும் இலையும் மூடும் பரப்பு) 10 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் அது வனப்பரப்பு. நிலம் யாருடையது, மரம் என்ன ஜாதி என்ற கேள்வி இல்லை. 70 சதவீதத்துக்கு மேல் மிக அடர்த்தி, 40 முதல் 70 நடுத்தரம், 10 முதல் 40 திறந்த வனம், அதற்கும் கீழே புதர். நம் கடலூர் மேட்டு நிலத்தின் முந்திரியும் சவுக்கும் அந்த விளக்கத்துக்குள் தாராளமாக வந்துவிடும்.

நாடு முழுவதும் ஒரே அளவுகோலால் விதானத்தை அளக்க அது நியாயமான முறை. அதை எடுத்து வாழிடத்தின் அளவாகப் பயன்படுத்துவதுதான் தவறு. சவுக்கு விலை ஏறிய வருஷம் எல்லோரும் நட்டால் எண் ஏறும். அதே வருஷம் ஒரு கோயில்காட்டில் பாதியை அழித்துக் கல்யாண மண்டபம் கட்டினால் அந்த எண்ணில் அசைவே இருக்காது. எண் ஏறியதைக் கொண்டாடும் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மண்டபம் வந்த ஊரையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே தாலுகா.

பிப்ரவரி 16

சவுக்கையும் காட்டையும் படத்தை வைத்தே பிரிக்க வழி இல்லையா என்ற கேள்விக்கு: இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. ஒரு படத்தைப் பார்க்கக் கூடாது. வருஷங்களை வரிசையாக அடுக்க வேண்டும்.

பயிர்ப் பச்சையத்துக்கு ஓர் எண் போடுவார்கள். இலை சிவப்பு ஒளியை உறிஞ்சும், அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் அந்த எண். ஒரே இடத்துக்குப் பல வருஷம் இதைக் கோடாக வரைந்தால் ஒவ்வொரு நிலமும் தன் பழக்கத்தைக் காட்டிவிடும். நெல் வருஷத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ ஏறி இறங்கும். சவுக்கு மூன்று நாலு வருஷம் ஏறிக்கொண்டே போகும், வெட்டு விழுந்ததும் தரைக்கு வந்துவிடும், மறுபடி ஏறும். கோயில்காட்டின் கோடு கோடையிலும் பெரிதாக விழாது, எந்த வருஷமும் தரையைத் தொடாது.

முந்திரிதான் தொல்லை. அதுவும் பசுமை மாறாதது, அதுவும் வெட்டப்படாமல் நிற்பது. இங்கே ஒரு விஷயம் நமக்கு உதவுகிறது, சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. தானே புயல். 2011 டிசம்பர் 30 காலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரை ஏறியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. எங்கள் குடும்பத்து முந்திரிக் கொல்லையிலும் விழுந்தது. அப்பா மரங்களுக்கு நடுவே நடந்து போய், ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். அன்று அவர் யாரோடும் பேசவில்லை. அதற்குப் பின் நட்ட கன்றுகள்தான் இன்று காய்க்கின்றன. ஆக, 2012ல் விழுந்து மெல்ல எழும்பிய கோடு பெரும்பாலும் முந்திரி. அப்போதும் அதிகம் ஆடாதது பழைய காடு. தோட்டத்தில் விழுந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்திப் புதுக் கன்று வைக்கிறோம். காட்டில் யாரும் அப்புறப்படுத்துவதில்லை, அடிமரத்திலிருந்து தழைத்துக்கொள்கிறது.

ஒரு சிக்கல். அந்த நேரத்துப் படங்கள் கிடைப்பது கடினம். லேண்ட்சாட் 5 அதற்கு முந்தைய மாதம், 2011 நவம்பரில், படம் அனுப்புவதை நிறுத்தியது. லேண்ட்சாட் 7க்கு 2003லேயே ஒரு கருவி பழுது. ஒவ்வொரு படத்திலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வரிவரியாகக் காலி. லேண்ட்சாட் 8 ஏவப்பட்டது 2013 பிப்ரவரியில். நடுவில் உள்ள காலத்துக்கு அந்த வரி விழுந்த படங்களைத்தான் பல தேதிகளிலிருந்து ஒட்டுப்போட்டுப் பார்க்க வேண்டும். இந்தியச் செயற்கைக்கோள் ரிசோர்ஸ்சாட்-2 அப்போது மேலே இருந்தது. அதன் படங்களையும் சேர்த்துக்கொண்டால் ஓட்டை அடையும்.

பிப்ரவரி 17

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். புயலில் கோயில்காடுகளும் அடி வாங்கின, கிழக்கு ஓரத்து மரங்கள் குறிப்பாக. சின்னத் துண்டு என்றால் ஓரம்தான் அதிகம், உள்ளே குறைவு. அதன் கோடும் 2012ல் சற்று இறங்கும். அதனால் கோடு இறங்கியதா என்பதை மட்டும் பார்த்துப் பழைய காடு அல்ல என்று தள்ளிவிடக் கூடாது. எவ்வளவு சீக்கிரம் எழுந்தது என்பதையும் பார்க்க வேண்டும். தழைத்து வரும் காடு, நட்ட கன்றைவிட வேகமாக மூடிக்கொள்ளும்.

கூகுள் எர்த் வைத்துக் கண்ணாலேயே பார்ப்பவர்களுக்கு: முந்திரி குடை குடையாகத் தனித்தனியே தெரியும், நடுவில் செம்மண். சவுக்கு சீப்புக் கோடு மாதிரி வரிசை. கோயில்காட்டில் ஒரு மரம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. ஓரமும் நேர்கோடாக இருக்காது.

மார்ச் 2

கன்று நடுவதைப் பற்றிக் கேள்வியிலேயே இருந்தது. அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. கடற்கரைக்கு வாருங்கள், இது ஆமை முட்டையிடும் காலம்.

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் சவுக்கு நிறைய நட்டார்கள். ஊருக்கும் கடலுக்கும் நடுவே தடுப்பு வேண்டும் என்று பயந்த மக்கள் நட்டதை யாரும் குறை சொல்ல முடியாது. நானும் அந்த நாட்களில் கடலூர்க் குப்பங்களில் இருந்தவன். ஆனால் சில இடங்களில் மணல்மேட்டின் கடல்பக்கச் சரிவு வரைக்கும் சவுக்கு இறங்கிவிட்டது. அந்தச் சரிவு பங்குனி ஆமைக்கு வேண்டிய இடம். ஆமை ஏறி வந்து தோண்டுவதற்குத் தளர்ந்த மணல் வேண்டும். வேர் பின்னிய இடத்தில் குழி தோண்ட முடியாது. நிழல் விழுந்த மணலின் சூடும் மாறும், குஞ்சு ஆணா பெண்ணா என்பதை அந்தச் சூடுதான் தீர்மானிக்கிறது.

அந்த இடத்தில் இயல்பாக இருந்தவை அடும்புக் கொடியும் ராவணன் மீசைப் புல்லும். மணலைக் கட்டிப் பிடித்து வைத்ததும் அவைதான். செயற்கைக்கோள் படத்தில் அந்த நிலம் வெறுந்தரையாகத் தெரியும், சவுக்கு வந்ததும் பச்சையாக மாறும். வரைபடத்தை மட்டும் பார்க்கிறவர், முன்னேற்றம் என்று குறித்துக்கொள்வார். ஆகவே மணல்மேடு என்று ஒரு தனி வகை இருக்க வேண்டும், அதற்குள் கொடி மூடியது, சவுக்கு மூடியது என்று இரண்டு உள்வகை. வெறுந்தரை என்ற சொல்லை நம் கரையோர வரைபடத்தில் நான் அனுமதிக்க மாட்டேன்.

மார்ச் 9

பிச்சாவரத்தைப் பற்றியும் சொல்லுங்கள் என்று சிதம்பரத்திலிருந்து ஒருவர். அங்கே வேலை சுலபம் என்று நினைப்பார்கள், ஏனென்றால் அலையாத்தி எந்த வரைபடத்திலும் தனி நிறம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள அந்தக் காடு 2022ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. பரப்பளவு வரைந்தால் போதும் என்று விட்டுவிடக் கூடாது.

வாய்க்கால் ஓரத்தில் சுரபுன்னை, தாங்குவேர் ஊன்றி நிற்கும். உள்ளே போகப் போக வெண்கண்டல். இன்னும் உள்ளே, அலை எட்டாத பள்ளங்களில், தண்ணீர் தேங்கி வற்றி உப்பு ஏறிய தரையில் உப்பைத் தாங்கும் உமரிச் செடி மட்டும். வெள்ளைக்காரர் காலத்தில் பட்டை பட்டையாக முழுக்க வெட்டியதில் தரை தாழ்ந்து அந்தப் பள்ளங்கள் உண்டாயின. 1990களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி அலைத்தண்ணீரை உள்ளே விட்டார்கள். கண்டல் திரும்ப வந்தது.

அந்த வேலைக்கு உதவியது எந்த வரைபடம்? காடு எங்கே இருக்கிறது என்பதைவிட, காடு ஏன் இல்லை என்று காட்டிய வரைபடம். உமரித் தரையைச் சும்மா காலியிடம் என்று போட்டிருந்தால் அங்கே கன்று நட்டுக் கொன்றிருப்பார்கள். தாழ்ந்த உப்புத் தரை என்று எழுதியிருந்ததால் முதலில் வாய்க்கால் வெட்டத் தோன்றியது.

தில்லை மரத்தைப் பற்றியும் கேட்டிருந்தார். சிதம்பரம் கோயிலின் தலமரம், ஊருக்குள் இப்போது தேடினாலும் கிடைப்பது அரிது. பிச்சாவரம் பக்கம் நிற்கிறது. இலை உதிர்வதற்கு முன் சிவக்கும், அந்தச் சில வாரங்களில் சென்டினல் படத்தில் தனியாகப் பிடித்துவிடலாம். பால் கண்ணில் பட்டால் ஆபத்து. கிளை ஒடித்துப் பார்க்கப் போகாதீர்கள்.

மார்ச் 23

மாவட்ட எல்லைக்கு வெட்டிக்கொண்டால் போதும் என்ற வரிக்கு வருகிறேன். கடலூரிலிருந்து பாகூர் வழியாகப் புதுச்சேரிக்கு வண்டியில் போகிறவர்களுக்குத் தெரியும், எத்தனை முறை எல்லைப் பலகை மாறுகிறது என்று. பிரெஞ்சுக்காரர் காலத்துத் துண்டு துண்டான எல்லைகள் அவை. ஊசுட்டேரி ஒரே ஏரி. கரையின் ஒரு பக்கம் புதுச்சேரி, மறுபக்கம் தமிழ்நாடு. பறவைகள் சரணாலயமாக இரண்டு அரசும் தனித்தனியே அறிவித்தன. நாரைக்கு இது தெரியாது. புதுச்சேரிக்கு ஒரு வரைபடம், கடலூருக்கு இன்னொன்று என்று இரு வேறு வகைப் பட்டியலோடு செய்தால் எல்லையில் காட்டின் நிறமே மாறும். ஒரு அலுவலகத்தின் தாளில் புதராக இருந்தது, அடுத்த தாளில் தரிசாகத் தொடர்வதை நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். எல்லை ஆற்று நீர்ப்பிடிப்பாக இருக்கட்டும்: சங்கராபரணி, தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு.

புதுச்சேரியிலேயே இதற்கு ஒரு நல்ல முன்னோடி உண்டு. 1955ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1960களிலிருந்து இந்தியாவின் தாவர வரைபடங்களை 1:10,00,000 அளவில் வெளியிட்டது. கோசன், லெக்ரி, மெஹர்-ஹோம்ஜி போன்ற தாவரவியல்காரர்களின் உழைப்பு. அந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு கிலோமீட்டர். கோயில்காடு அதில் ஒரு புள்ளிகூட ஆகாது. ஆனால் அவர்கள் வரைந்தது நிற்கும் மரத்தை மட்டுமல்ல. காடு, அது சிதைந்த புதர்க்காடு, இன்னும் சிதைந்த முட்புதர் என்று ஒரே தொடரின் படிகளாகப் பிரித்தார்கள். மழை, வறட்சி மாதங்கள், மண் எல்லாம் சேர்த்து, விட்டுவைத்தால் இந்த நிலம் எதுவாக ஆகும் என்ற கேள்வியும் அதில் இருந்தது. இன்றைய கணினி வரைபடங்களில் எனக்குக் குறைவாகப் படுவது அந்தக் கேள்விதான். 1968ல் ஆரோவில் தொடங்கியபோது வெறும் செம்மண் மேடாக இருந்த இடத்தில் இன்று காசானும் வீரையும் நிற்கின்றன. அங்கே விதைக்கும் மாதிரிக்கும் போனது மிச்சமிருந்த கோயில்காடுகளைத் தேடித்தான்.

ஏப்ரல் 6

கணினி வகைப்பாடு 90 சதவீதத்துக்கு மேல் சரி என்று காட்டுகிறதே என்கிறார்கள். எந்த 90 என்று கேளுங்கள்.

ஒரு பகுதியில் பழைய காடு நூற்றில் ஒரு பங்குதான் என்று வைத்துக்கொள்வோம். காடே இல்லை என்று ஒருவர் வரைந்து கொடுத்தால்கூட அவர் 99 சதவீதம் சரி. நெல்லும் கரும்பும் கட்டடமும் சரியாக வந்தால் மொத்த எண் அழகாகிவிடும். ஆகையால் இரண்டு கேள்வி தனித்தனியாக, வகைக்கு வகை கேட்க வேண்டும். வரைபடம் காடு என்று சொன்ன இடங்களில் எத்தனை, நேரில் போனால் காடு? நேரில் காடாக இருக்கும் இடங்களில் எத்தனையை வரைபடம் காடு என்று சொன்னது? பாதுகாப்புத் திட்டத்துக்கு இரண்டாவதுதான் உயிர். சவுக்கைக் காடு என்று சொல்லிவிட்டால் ஒரு பயணம் வீண், அவ்வளவுதான். காட்டைச் சவுக்கு என்று சொல்லிவிட்டால் சாலை விரிவாக்கக் கோடு அதன் மேல் விழும்.

சரிபார்க்கும் புள்ளிகளைக் கண்ணை மூடித் தூவினால் பெரும்பாலும் வயலில்தான் விழும். அரிதான வகைக்குத் தனியாக ஒதுக்கி எடுக்க வேண்டும்.

ஏப்ரல் 27

நடந்து போகிறவர்களுக்கு. நான் செய்வதைச் சொல்கிறேன்.

அடர்ந்த விதானத்தின் கீழ் கைப்பேசி ஜிபிஎஸ் அலைபாயும். எல்லையைக் காட்டுக்கு வெளியே, வரப்பில் நடந்து எடுங்கள். உள்ளே போகுமுன் பூசாரியிடமோ ஊர்ப் பெரியவரிடமோ கேளுங்கள். செருப்பை எங்கே விடுவது என்று அவர்கள் சொல்வார்கள். ஆடு மேய்க்கிறவரை விடாதீர்கள். எந்தச் செடியை ஆடு தின்னும், எதைத் தின்னாது, எந்த மரம் எந்த மாதம் பழுக்கும் என்று அவருக்குத் தெரிந்த அளவு எனக்கு இத்தனை வருஷத்திலும் தெரியவில்லை. ஊர்ப்பெயரை அப்படியே எழுதுங்கள், இலையைப் படம் எடுங்கள், தாவரவியல் பெயரைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

முக்கியமாக, கீழே பாருங்கள். மேலே பெரிய காசான் இருக்கும். கீழே அதன் கன்று இருக்கிறதா? உண்ணிச்செடி மூடிவிட்டதா, வேலிகாத்தான் ஓரத்திலிருந்து எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது, சருகைக் கூட்டிப் பெருக்கிச் சிமெண்ட் தளம் போட்டிருக்கிறார்களா, திருவிழா வண்டி நிறுத்த எவ்வளவு வெட்டினார்கள். பெரிய மரம் மட்டும் நின்று கன்று இல்லாத காடு, செயற்கைக்கோளுக்கு இன்னும் முப்பது வருஷம் அடர்ந்த பச்சையாகவே தெரியும்.

மே 11

இந்தப் பேச்சைப் படித்துவிட்டு ஒருவர் துண்டுகளின் இருப்பிடப் பட்டியலை வெளியிடச் சொன்னார். யோசித்தேன், தயக்கமாக இருக்கிறது. எல்லையைத் துல்லியமாக வரைந்து பொதுவில் போட்டால் காப்பவரும் பார்ப்பார், மரம் கடத்துகிறவரும் மனை போடுகிறவரும் பார்ப்பார். மறைத்தே வைத்தால், சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் கோடு போடுகிறவர் அங்கே எதுவுமில்லை என்று நினைத்துக்கொள்வார். பொது வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர்க் கட்டமாகக் காட்டி, துல்லிய எல்லையைத் திட்டம் போடும் அலுவலகத்துக்கும் ஊராட்சிக்கும் கொடுப்பதுதான் இப்போதைக்கு எனக்குச் சரியாகப் படுகிறது. கோயில் நிர்வாகமும் ஊரும் சம்மதித்த இடத்தைத்தான் அதிலும் சேர்க்க வேண்டும்.

ஜூன் 1

வரைபடம் முடிந்த பிறகு திட்டம் எப்படி என்ற கேள்வி இப்போதுதான் வந்திருக்கிறது, நல்லது.

பெரிய துண்டை முதலில் காப்பாற்று என்பது வழக்கமான விதி. மேற்குத்தொடர்ச்சி மலைக்கு அது பொருந்தும். இங்கே பெரிய துண்டே இல்லை. சின்னத் துண்டுகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்பதுதான் பேச்சு. பழந்தின்னி வௌவால் கிலோமீட்டர்க் கணக்கில் பறந்து விதை போடும். அதற்குத் துண்டு எங்கே இருந்தாலும் சரி. தரையோடு போகும் உடும்புக்கும் மரநாய்க்கும் நடுவில் ஒளிந்து போக வழி வேண்டும். பனைவரிசை, ஓடைக்கரை, ஏரிக்கரை, கள்ளி வேலி. இவையெல்லாம் ஒல்லியான கோடுகள், 10 மீட்டர் பிக்சலிலும் வராதவை. கோடாகவே தனி அடுக்கில் வரைய வேண்டும். முந்திரிக் கொல்லைக்கும் இங்கே மதிப்பு உண்டு. காடாக அது ஆகாது, ஆனால் இரண்டு காட்டுக்கு நடுவே மனைப்பிரிவைவிட ஆயிரம் மடங்கு மேல். எங்கள் கொல்லை மூலையில் நாவலும் காட்டு எலுமிச்சையும் தானாக முளைத்து நிற்கின்றன, யாரும் விதைக்கவில்லை.

தரிசு என்று வருவாய்ப் பதிவில் உள்ள முட்புதரையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். கௌதாரி அங்கேதான் முட்டையிடுகிறது. மரம் நட இடம் தேடுகிறவர்கள் முதலில் கை வைப்பதும் அங்கேதான்.

ஜூன் 15

பெருமாள் ஏரி, வீராணம், பாகூர் ஏரி போன்றவற்றை எந்த மாதப் படத்தை வைத்து வரைவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு மாதத்தை வைத்து வரையவே கூடாது. தை மாதத்து நீர்விளிம்பு ஒன்று, ஆனி மாதத்தது ஒன்று; இரண்டும் வேண்டும். வடகிழக்குப் பருவத்தில் மேகம் மறைக்கும் வாரங்களுக்கு சென்டினல்-1 ரேடார் படம் மேகத்தைத் தாண்டித் தண்ணீரைக் காட்டும். இரண்டு விளிம்புக்கும் நடுவே உள்ள சேற்றுப்பட்டையில்தான் உள்ளான் பறவைகள் மேய்கின்றன, கோடையில் ஆடுமாடு மேய்வதும் வெள்ளரி போடுவதும் அங்கேதான். ஏரி நிறைந்த படத்தில் அது நீர், வற்றிய படத்தில் வயல். இரண்டு வரைபடத்திலும் அந்தப் பட்டைக்குப் பெயர் இருக்காது. மூன்று, நான்கு வருஷத்துப் படங்களை அடுக்கி, சில மாதம் மூழ்கிச் சில மாதம் வெளியே தெரியும் பிக்சல்களை மட்டும் எடுத்துத் தனி நிறம் கொடுங்கள். வேலிகாத்தான் ஏறிய பகுதியை அதிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள், அது மூழ்கினாலும் படத்தில் பச்சையாகவே இருக்கும்.